கண்ணம்பாடி நிரம்ப முக்கொம்பில் ஓர் அளவுகோல்

பூண்டுலோயாவில் ஓடுகிற ஆற்றுக்கு வழி நீளமில்லை. தேயிலைச் சரிவுகளில் கசிகிற ஊற்றுகளைச் சேர்த்துக்கொண்டு பாறைக்குப் பாறை மோதி இறங்குகிறது. டன்சினன் பக்கத்து அருவித் தண்ணீரும், தலவாக்கலையிலிருந்து வருகிற கொத்மலை ஓயாவும் போய்ச் சேருகிற இடத்துக்குத்தான் அதுவும் போகிறது. அது கொத்மலை நீர்த்தேக்கம். 1979-இல் தொடங்கி 1985-இல் சுவீடன் நாட்டு உதவியோடு கட்டி முடித்த அணை. முழுக்க நிரம்பினால் 17 கோடியே 40 இலட்சம் கன மீட்டர் தண்ணீர். மழை பெய்கிற மலை, தண்ணீர் தேங்குகிற பள்ளத்தாக்கு, விளக்கு எரிகிற வீடு, நெல் விளைகிற மகாவலி வலயம் எல்லாமே ஒரே அரசின் கீழ் இருக்கின்றன. அணையை எப்போது மூடலாம், எவ்வளவு திறக்க வேண்டும் என்று பக்கத்து நாட்டைக் கேட்க வேண்டிய தேவை இலங்கைக்கு எந்த ஆற்றிலும் வந்ததில்லை. தீவுக்குக் கிடைத்த வரம் அது.

எங்கள் வீட்டில் மட்டும் இன்னோர் ஆற்றின் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டியின் ஊர் முசிறிப் பக்கம். சிறு பிள்ளையாகத் தாய்தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முகாம் வழியாகத் தோட்டத்துக்கு வந்தவள். தென்மேல் பருவக்காற்று இறங்கி, லயத்துக் கூரைத் தகரம் இரவெல்லாம் அதிர்கிற நாட்களில், அடுப்படியில் குந்தியபடி ஒரு கேள்வி கேட்பாள்: "இங்கதான் இந்தக் கொட்டு கொட்டுது. அங்க தண்ணி வந்துருச்சோ என்னவோ?" அங்கே என்றால் காவிரி. ஆடி பதினெட்டுக்கு எங்கள் ஓடைக்கரையில் ஒரு கல்லுக்கு மஞ்சள் தடவி, காதோலைக்குப் பதில் ஏதோ ஓர் இலையைச் சுருட்டி வைத்துக் கும்பிடுவாள். காவிரியில் தண்ணீர் வருவது மழையைப் பொறுத்தது என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன். அது ஓர் அளவுகோலையும் பொறுத்தது, அந்த அளவுகோலின் பின்னே இரண்டு நாடுகள் முப்பது ஆண்டுக்கு மேல் வாதாடிய கதை இருக்கிறது என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த விதி பிறந்த கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

கதை தங்கத்தில் தொடங்குகிறது. மைசூர் சமஸ்தானத்துக் கோலாரில் பூமிக்கு அடியில் ஆழ ஆழத் தோண்டிய சுரங்கங்களுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. காவிரி விழுகிற சிவசமுத்திரத்தில் மின்நிலையம் கட்டி, 1902-இல் ஏறத்தாழ 90 மைல் தூரம் கம்பி இழுத்துக் கோலாருக்கு மின்சாரம் அனுப்பினார்கள். ஆசியாவில் அதற்கு முன் அவ்வளவு தூரம் மின்சாரம் போனதில்லை. அந்தச் சுரங்கங்களில் இறங்கிய கூலிகளில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். எங்கள் முன்னோர் தேயிலைக்கு ஏறிய அதே காலத்தில் அவர்கள் தங்கத்துக்கு இறங்கினார்கள். ஆனால் கோடையில் காவிரி மெலியும்போது மின்சாரமும் மெலிந்தது. மழைக்காலத்து வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கோடையில் விட ஓர் அணை வேண்டும் என்ற எண்ணம் மைசூரில் வலுத்தது. மண்டியா பக்கத்து வறண்ட நிலங்களுக்கும் வாய்க்கால் வெட்டலாம். 1909-இல் தலைமைப் பொறியாளராக வந்த விசுவேசுவரய்யா, காவிரியும் ஹேமாவதியும் லட்சுமண தீர்த்தமும் கூடுகிற கண்ணம்பாடியில் இடம் குறித்தார். பின்னால் வேலை நடக்கையில் அங்கே பாரசீக மொழிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதே இடத்தில் அணை கட்ட திப்பு சுல்தான் நினைத்திருந்தார் என்று அது சொன்னது.

இடம் இருந்தது, ஆளும் இருந்தார், பணத்துக்கும் வழி இருந்தது. அனுமதி மட்டும் இல்லை.

மைசூர் அப்போது தனி அரசு. மகாராஜா, திவான், தன் கஜானா, தன் பொறியாளர் எல்லாம் உண்டு. கீழே சென்னை மாகாணம், நேரடி வெள்ளைக்கார ஆட்சி. 1881-இல் ஆங்கிலேயர் மைசூரை மறுபடி உடையார் வம்சத்திடம் ஒப்படைத்ததும், மைசூர் தன் பழைய ஏரிகளையும் அணைக்கட்டுகளையும் செப்பனிடத் தொடங்கியது. கீழே தஞ்சாவூர் கலங்கியது. 1890-இல் ஊட்டியில் கூடிப் பேசி, 1892 பெப்ரவரி 18-இல் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். குறிப்பிட்ட ஆறுகளில் மைசூர் புதிதாக அணை கட்டுவதானால் சென்னையின் முன் அனுமதி வேண்டும் என்றது அது. கீழ்நாட்டில் ஏற்கெனவே அனுபவித்துவரும் பாசன உரிமையைக் காக்க வேண்டியிருந்தாலன்றிச் சென்னை அனுமதி மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. கருத்து வேறுபட்டால் நடுவர் தீர்ப்பு. இன்று படித்தாலும் அந்த வாசகத்தில் கீழ்நாட்டுக்காரன் கைதான் ஓங்கியிருப்பது தெரியும். மைசூருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்ததில் வியப்பில்லை. மேலே இருப்பவனிடம் ஆறு இருந்தது. கீழே இருப்பவனிடம் வைசிராய் இருந்தார்.

1910-இல் மைசூர் கண்ணம்பாடித் திட்டத்தை அனுப்பியது: இரண்டு கட்டமாக ஓர் அணை, முழுதாக முடிந்தால் 41.5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் நிற்கும். அதே வேளையில் சென்னைப் பொறியாளர் எல்லிஸ் மேட்டூரில் இன்னும் பெரிய அணை ஒன்றுக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தார். ஒரே வெள்ளத்தை நம்பி இரண்டு காகித அணைகள். சென்னை மறுத்தது. இந்திய அரசு நடுவில் புகுந்து, முதற்கட்டமாக 11 டி.எம்.சி. அளவுக்கு மட்டும் கட்டிக்கொள்ளச் சொன்னது. மைசூர் 1911-இல் வேலையைத் தொடங்கியது. ஆனால் அடித்தளத்தை முழு அணைக்கே அகலமாகப் போட்டது! சின்ன அணைக்குப் பெரிய அடித்தளம் எதற்கு என்று சென்னை கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு நாள் பெரிய அணையாகும் என்று தெரிந்தே சிறிய அடித்தளம் போட எந்தப் பொறியாளன் சம்மதிப்பான் என்று மைசூர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

விவகாரம் நடுவரிடம் போனது. கிரிஃபின் என்ற நீதிபதி நடுவர். பாசனத்துறை அறிந்த நெதர்சோல் அவருக்குத் துணை. 1914 மே மாதம் வந்த தீர்ப்பு பெருமளவு மைசூருக்கு ஆதரவாக இருந்தது. 1916-இல் இந்திய அரசும் அதை ஏற்றது. சென்னை விடவில்லை, இலண்டனில் இருந்த இந்திய மந்திரி வரை மேல்முறையீடு செய்தது. 1919-இல் தீர்ப்பு நிறுத்தப்பட்டது. ஒன்பது ஆண்டு கழித்து, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார்கள். கண்ணம்பாடியில் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிக் காரையால் சுவர் மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்ட் இல்லாமல் கட்டிய அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. நடுவராலும் முடியவில்லை, வைசிராயாலும் முடியவில்லை, இலண்டன் மந்திரியாலும் முடியவில்லை என்ற நிலையில், இரண்டு பக்கத்துப் பொறியாளர்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். யார் ஆறு, யாருக்கு முதல் உரிமை என்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். கண்ணம்பாடியை நிரப்புகிற நாட்களில் தஞ்சாவூர் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் குறையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இதில் உள்ள சிக்கலை மலையகத்து வாசகருக்குச் சொல்வது எளிது. பூண்டுலோயாவை நனைக்கிற அதே தென்மேல் பருவக்காற்றுதான் கடல் தாண்டிக் குடகு மலையிலும் ஹாசன், சிக்கமகளூர்ப் பக்கத்திலும் கொட்டுகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் கண்ணம்பாடி நிரம்ப வேண்டிய காலம். தஞ்சாவூரில் குறுவைக்கு நாற்று விடவும் நடவும் தண்ணீர் கேட்கிற காலமும் அதுதான். காவிரி டெல்டாவில் அந்த மாதங்களில் பெரிய மழை கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில்தான் வரும். ஆகவே மேலே ஒருவன் அணையை மூடினால் கீழே ஒருவன் வயல் சில நாளில் காய்கிறது. அணை ஆற்றைக் குடித்துவிடுவதில்லை. தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் நாற்றங்காலில் இருபது நாள் தாமதம் என்பது ஒரு போகம்.

பொறியாளர்கள் கண்ட வழி எளிமையானது. அளவுகோலை அணை இருக்கிற இடத்தில் வைக்காமல், பாதிப்பு தெரிகிற இடத்தில் வைத்தார்கள். திருச்சிக்கு மேற்கே காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற முக்கொம்பில், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இருக்கிறது. அங்கே காவிரிப் பக்கத்து நீர்மட்டம்தான் கணக்கு. ஜூன் முதல் ஜனவரி வரை மாதத்துக்கு ஓர் உயரம் குறித்தார்கள். வயலுக்கு அதிகம் தேவைப்படுகிற ஜூலை, ஆகஸ்டில் கோடு மேலே இருந்தது. அறுவடை நெருங்குகிற டிசம்பர், ஜனவரியில் கீழே இறங்கியது. முக்கொம்பில் அந்த உயரம் நிற்கும்படி தண்ணீரை விட்டுவிட்டு, அதற்கு மேல் வருகிற வெள்ளத்தைத்தான் மைசூர் கண்ணம்பாடியில் பிடித்துக்கொள்ளலாம்.

கண்ணம்பாடியில் விட்ட தண்ணீர் முக்கொம்பை எட்டப் பல நாள் ஆகும். நடுவில் கபினி சேரும், பவானி சேரும், அமராவதி சேரும். அப்படியிருக்க, இன்று மேலே எவ்வளவு விட்டால் சில நாள் கழித்துக் கீழே கோடு நனையும்? அதற்காகக் கண்ணம்பாடிக்கு மேலே காவிரி, ஹேமாவதி, லட்சுமண தீர்த்தம் ஆகிய மூன்று ஆறுகளிலும் அளவுகோல் நட்டு, வருகிற வெள்ளத்தை அளந்து, அதிலிருந்து விட வேண்டிய அளவைக் கணக்கிட வாய்பாடு எழுதினார்கள். தொலைபேசி அரிதான காலம், கணினி பற்றி எவரும் கேள்விப்படாத காலம். ஆற்றங்கரையில் நின்று அடியும் அங்குலமும் படித்து எழுதிய காவல்காரர்களை நம்பித்தான் அந்த வாய்பாடு ஓடியது. 1921 ஜூலையில் அந்த ஒழுங்கு விதிகள் முடிவாயின.

அந்த விதியின் பெருமையை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்: என் ஆற்றில் வருகிற வெள்ளத்தை நான் பிடிக்கலாமா என்பதை உன் அணைக்கட்டில் உள்ள கோடு சொல்லும் என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டது. அதற்கு முன் எழுதியவை எல்லாம் அனுமதி, மறுப்பு, உரிமை, மேல்முறையீடு. இது மட்டும்தான் தினமும் இரண்டு தரப்பும் போய்ப் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக இருந்தது. சொல்லை நம்பத் தேவையில்லாத இடத்தில்தான் இந்த இரண்டு அரசுகளும் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கின என்பது என் துணிபு.

விதி கிடைத்ததும் மற்றவை அதைச் சுற்றிக் கூடின. 1924 பெப்ரவரி 18 அன்று மைசூரும் சென்னையும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மைசூரின் திவான் அப்போது ஏ.ஆர். பானர்ஜி. 1892 உடன்படிக்கையும் இதே பெப்ரவரி 18 தான். கண்ணம்பாடியில் பயன்படு கொள்ளளவு 44.827 டி.எம்.சி. வரை அணை நிற்கலாம். சென்னை மேட்டூரில் 93.5 டி.எம்.சி. கொள்ளும் அணை கட்டி, 3 இலட்சத்து 1 ஆயிரம் ஏக்கர் புதிதாகப் பாசனம் செய்யலாம். மைசூரும் கண்ணம்பாடியால் 1 இலட்சத்து 25 ஆயிரம் ஏக்கர் பெருக்கலாம். 1921-இன் ஒழுங்கு விதிகள் உடன்படிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்ந்தன. ஐம்பது ஆண்டு கழித்துச் சில பிரிவுகளை அனுபவத்தின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்வது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே மேட்டூரில் வேலை தொடங்கியது. மேலே கண்ணம்பாடி 1930-களின் தொடக்கத்தில் முழு உயரத்தை எட்டியது. கீழே மேட்டூர் 1934 ஆகஸ்ட் 21-இல் திறந்தது. ஆளுநர் ஸ்டான்லி பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள், ஊர் மேட்டூர் என்றே சொன்னது. கொத்மலையைப் படியாக வைத்து அளந்தால், கண்ணம்பாடி ஏழெட்டுப் படி, மேட்டூர் பதினைந்து படி. மேட்டூர் வந்த பிறகுதான் கல்லணையிலிருந்து புதுக் கால்வாய் ஒன்று ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த நிலங்களுக்குப் போனது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று நாள் குறித்து உழவர்கள் நாற்று விடும் வழக்கமும் அதன் பிறகு வந்ததுதான். ஒரு விதியில் தொடங்கி, இரண்டு அணை, இலட்சக்கணக்கான ஏக்கர், ஒரு திறப்பு நாள் என்று வளர்ந்தது.

முசிறி மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் நடுவே காவிரிக்கரையில் இருக்கிறது. பாட்டி விட்டுவந்த ஊரின் படித்துறையைத் தொட்டுக்கொண்டுதான் அந்தக் கணக்குத் தண்ணீர் மேலணைக்குப் போயிற்று. அவளுக்கு அது தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைத்தவர்களும் இல்லை.

இந்தக் கதையின் மறுபக்கமும் அங்கேதான் இருக்கிறது. காவிரி பிறக்கிற தலைக்காவிரி குடகில் இருக்கிறது. குடகு அப்போது வெள்ளைக்காரர் ஆண்ட தனி மாநிலம், 1924 மேசையில் அதற்கு நாற்காலி இல்லை. காவிரி கடைசியாக நனைக்கிற காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. உண்மையாகவே வேற்று நாடு. அதையும் கேட்கவில்லை. மைசூர் உழவனையும் தஞ்சாவூர் உழவனையும்கூட எவரும் கேட்கவில்லை. கையெழுத்திட்டவர்களுக்கு அணை வேண்டியிருந்தது, அணை கிடைத்தது.

இந்தக் குறையை மலையகத்து மனிதன் வேறு எவரையும்விட நன்றாக உணர்வான். எங்களுக்கு ஒப்பந்தம் என்றாலே 1964 அக்டோபர் 30 தான். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அயல் நாடுகள் பங்கிட்டன: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். தண்ணீரைப் பிரித்தவர்களாவது ஓர் அளவுகோல் நட்டுப் பார்த்தார்கள். மனிதரைப் பிரித்தபோது, ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் வந்ததைப் பார்க்க எந்தக் கோடும் இருக்கவில்லை. பூண்டுலோயாத் தோட்டங்களிலிருந்தும் லொறியேறிப் போனார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் மறுபடி காவிரிக் கரையிலேயே குடியேறினார்கள். ஒப்பந்தங்களைப் போற்றுகிற இந்தக் கட்டுரையில் இதைச் சொல்லாமல் போனால் என் பாட்டியின் முன் நான் நிற்க முடியாது.

அதே 1974 காவிரியிலும் திருப்பமாக வந்தது. 1924-க்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. உடன்படிக்கை முடிந்துவிட்டது என்றது கர்நாடகம், மறுபரிசீலனைதான் உண்டு, முடிவு கிடையாது என்றது தமிழ்நாடு. கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று மேலே புதிய அணைகள் எழுந்தன. அவற்றை நிரப்ப முக்கொம்புக் கோடு எதுவும் இல்லை. 1990 ஜூன் 2-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991-இல் இடைக்காலத் தீர்ப்பு 205 டி.எம்.சி. விடச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் மூண்ட கலவரத்தில் பெங்களூருத் தமிழர்கள் பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2007 பெப்ரவரி 5-இல் இறுதித் தீர்ப்பு: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. 1924-இல் மறந்துபோன காரைக்காலுக்கு எண்பத்து மூன்று ஆண்டு கழித்து அந்த ஏழில் இடம் கிடைத்தது. 2018 பெப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. 1924 உடன்படிக்கை அதன் காலத்தில் செல்லுபடியானதே, ஆனால் 1974-இல் காலாவதியாகிவிட்டது என்றும் சொன்னது.

ஐம்பது ஆண்டு என்று எழுதியவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பதாவது ஆண்டில் உட்கார வேண்டியவர்கள் உட்காராமல் போனதுதான் தவறு. 1921-இல் கணக்குப் போட்டவர்களுக்கு இருந்த பொறுமை 1974-இல் இருந்தவர்களிடம் இல்லை. மழை பெய்த ஆண்டுகளில் எவரும் பேசவில்லை, பொய்த்த ஆண்டுகளில் எவராலும் பேச முடியவில்லை. விதியைப் பேச வேண்டியது அணை நிரம்பி வழிகிற ஆண்டில்தான்.

நைல் நதியில் இன்று நடப்பதைப் பார்க்கிறபோது எனக்கு 1910 நினைவுக்கு வருகிறது. எத்தியோப்பியா 2011-இல் நீல நைலில் ஓர் அணையைக் கட்டத் தொடங்கியது. கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். நம் படியால் அளந்தால் நானூறு கொத்மலைக்கு மேல், இருபத்தெட்டு மேட்டூர். கீழே சூடான், அதற்கும் கீழே நைலைத் தவிர வேறு வழியில்லாத எகிப்து. 1959-இல் எகிப்தும் சூடானும் நைல் தண்ணீரைத் தங்களுக்குள் 5,550 கோடி, 1,850 கோடி கன மீட்டர் என்று பங்கிட்டுக்கொண்டபோது, நீல நைல் பிறக்கிற எத்தியோப்பியாவுக்கு மேசையில் இடமில்லை, 1924-இல் குடகுக்கு இல்லாதது போலவே. 2015 மார்ச் 23-இல் கார்ட்டூம் நகரில் மூன்று நாட்டுத் தலைவர்களும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். அணையை முதன்முறை நிரப்புவதற்கான விதிகளை மூவரும் சேர்ந்து வகுப்பது என்று அதில் எழுதியிருந்தது. விதி முடிவாகவில்லை. 2020 ஜூலையில் அணை நிரம்பத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 9-இல் திறப்பு விழாவும் நடந்தது. வறட்சி ஆண்டில் எவ்வளவு விடுவது என்ற இடத்தில் பேச்சு நின்றுபோனது. விதி முதலில், நிரப்புதல் பிறகு என்ற வரிசைதான் மைசூருக்கும் சென்னைக்கும் வாய்த்த நற்பேறு. நைலில் வரிசை மாறிவிட்டது. கார்ட்டூமிலோ அஸ்வானிலோ ஒரு முக்கொம்பைத் தேடுகிற வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

கண்ணம்பாடி நிரம்பியபோது அந்த ஊரின் பழைய வேணுகோபால சுவாமி கோயில் மூழ்கியது. கோடை கடுமையான ஆண்டுகளில் அது வெளியே தெரிந்தது. பின்னாளில் அதைப் பெயர்த்தெடுத்து மேட்டில் கட்டினார்கள். மேட்டூர் நீர்மட்டம் இறங்குகிற ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் தலைதூக்கும். செய்தித்தாள்கள் படம் போடும், கூட்டம் படகில் போய்ப் பார்க்கும். நம் கொத்மலையிலும் அப்படித்தான். தண்ணீர் வற்றினால் கடதொர விகாரை சேற்றிலிருந்து எழும்பும். பூண்டுலோயாவிலிருந்து போய் அதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கின் வயல்களில் உழுத சிங்கள விவசாயக் குடும்பங்கள் வீட்டைவிட்டுத் தூரத்து மகாவலி வலயங்களுக்குப் போனவர்கள். அவர்களில் வயதானவர் ஒருவர், நீர் வற்றிய நாளில் வந்து விகாரைச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என் பாட்டி ஓடைக்கரைக் கல்லுக்கு மஞ்சள் தடவிய அதே விரலசைவு.

மலையகத்திலிருந்து திருச்சிக்குப் போகிற உறவுகள் நிறையப் பேர். சமயபுரம் போகிறீர்கள், ஸ்ரீரங்கம் போகிறீர்கள், விட்டுப்போன சொந்தங்களைத் தேடிப் போகிறீர்கள். அடுத்த முறை ஒரு காலைப் பொழுதை முக்கொம்புக்கு ஒதுக்குங்கள். திருச்சியிலிருந்து மேற்கே அரை மணிப் பயணம்தான். காவிரிப் பக்கத்து மதகருகே நின்று தண்ணீர் சுவரில் எந்த உயரத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். கூட வருகிற பிள்ளைகளிடம், மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஓர் அணையை மூடலாமா வேண்டாமா என்பதை ஒரு காலத்தில் இந்த இடம்தான் சொன்னது என்று சொல்லுங்கள். இன்று அந்த அளவு இரு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் எடுக்கப்படுகிறது. ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி.